பஸ் ஸ்டாப்பைப் பார்க்கும் கேமரா

"உங்க வீட்டுக்குத் திருடன் வந்தா எந்தப் பக்கமா சார் வருவான்?"

வீட்டுக்கு வீடு கேமராக்காரர் கேட்கிற முதல் கேள்வி இதுதான். வீட்டுக்காரர், நிலம் அளக்கிற சர்வேயர், கொஞ்சமும் யோசிக்காமல் காம்பவுண்டின் கடைசி மூலையைக் காட்டினார். அந்த மூலைக்கு நேர் எதிரே, ரோட்டைத் தாண்டி, பஸ் ஸ்டாப் இருந்தது. கேமராக்காரர் எட்டிப் பார்த்தார். இரும்பு பெஞ்சில் ஒரு பெரியவர் உட்கார்ந்து கொட்டாவி விட்டுக்கொண்டிருந்தார்.

"பஸ்ல வந்து இறங்குவானா சார்?"

"ஏன், இறங்கக் கூடாதா?"

"டிக்கெட் எடுத்துக்கிட்டுதான் தம்பி வருவான்," என்று சமையலறை ஜன்னலிலிருந்து சர்வேயரின் மனைவி குரல் கொடுத்தார். "அவ்வளவு நாணயமான திருடன்."

சர்வேயர் காதில் விழாதவர் மாதிரி மூலையையே பார்த்துக்கொண்டு நின்றார்.

பின்கதவின் தாழ்ப்பாள் ஆடுகிறது. பின்னால் காலிமனையில் புதர் ஆள் உயரத்துக்கு மண்டிக் கிடக்கிறது. தொழில் தெரிந்த எந்தத் திருடனும் அந்த வழியாகத்தான் வருவான் என்று கேமராக்காரர் எவ்வளவோ எடுத்துச் சொன்னார். அவர் வாயாடி. ஒரு விஷயத்தை மூன்று விதமாகச் சொல்லாமல் விடமாட்டார். மூன்று விதத்துக்கும் சர்வேயர் மசியவில்லை. ஒரே ஒரு கேமரா, அந்த மூலையில், பஸ் ஸ்டாப்பைப் பார்த்து. ஒற்றைக்காலில் நின்றார்.

"சரி சார், நீங்க சொன்னா நான் வானத்தப் பாத்துக்கூட மாட்டுவேன்," என்று கேமராக்காரர் பையைத் திறந்தார். "ஆனா சரக்கு நல்ல சரக்கு. இதுல கேக்கவும் செய்யலாம், பேசவும் செய்யலாம். திருடன் வந்தான்னு வைங்க, நீங்க எங்கேயோ இருந்துக்கிட்டு போன்ல 'டேய்'னு ஒரு அதட்டல் போட்டா, இங்க கேமரா அதட்டும்."

"எனக்கு அதட்டல் வேண்டாம். பாத்தா போதும்," என்றார் சர்வேயர்.

சமையலறை ஜன்னலில் பாத்திரச் சத்தம் சட்டென்று நின்றது. அந்த அம்மாளுக்குத் தெரியும், தன் கணவர் யாரைப் பார்க்கக் கேமரா வைக்கிறார் என்று. தனக்குத் தெரியும் என்பது அவருக்கும் தெரியும் என்பதும் தெரியும். இருந்தும் இரண்டு பேரும் மாய்ந்து மாய்ந்து திருடனைப் பற்றியே பேசிக்கொண்டிருந்தார்கள். முப்பத்தைந்து வருடம் குடித்தனம் நடத்தியவர்களுக்கு இந்த நாடகமெல்லாம் தண்ணீர் பட்ட பாடு.

சாயங்காலம் அந்த ஸ்டாப்பில் அவர்களுடைய ஒரே மகள் வந்து இறங்குவாள்.

அவள் ஓர் அச்சகத்தில் பிழை திருத்துகிறாள். புகுந்த வீடு இரண்டு தெரு தள்ளி. பஸ்ஸை விட்டு இறங்கி, அப்பா வீட்டு வாசலைத் தாண்டித்தான் நடந்து போக வேண்டும். தாண்டித்தான் போவாள், தலையைத் திருப்பாமல். மூன்று வருடமாக அப்படித்தான்.

காரணம் ஒரு சுவர். அவளுடைய மாமனாருக்கும் அடுத்த வீட்டுக்காரருக்கும் நடுச்சுவரில் தகராறு வந்தது. யார் அளந்தாலும் மற்றவர் ஒத்துக்கொள்ளவில்லை. கடைசியில் சம்பந்தியையே கூப்பிட்டு அளக்கச் சொல்லலாம் என்று மாமனார் சொன்னபோது, அடுத்த வீட்டுக்காரர் உடனே சம்மதித்துவிட்டார். சர்வேயர் அளந்து ஒரு கல்லை நட்டுவிட்டால் தலைகீழாக நின்றாலும் அதை நகர்த்த முடியாது என்று ஊருக்கே தெரியும். மாமனார் மட்டும் வேறு கணக்குப் போட்டு வைத்திருந்தார். பெண்ணைக் கொடுத்தவர், விட்டுக்கொடுக்கவா போகிறார்?

சர்வேயர் அளந்தார். சம்பந்தியின் சுவர் அடுத்தவர் மனையில் ஒரு சாண் ஏறியிருந்தது. எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னார். "கொஞ்சந்தானே தள்ளியிருக்கு," என்று யாரோ முனகினார்கள். மகள் ஒரு டம்ளர் தண்ணீரோடு பக்கத்தில் வந்து, யாருக்கும் கேட்காத குரலில், "அப்பா, இன்னொரு தடவை அளந்து பாருங்கப்பா," என்றாள்.

அவள் என்ன கேட்கிறாள் என்று அவருக்குப் புரியாமல் இல்லை. தலைவலி என்று சொல்லிக் கிளம்பியிருக்கலாம். நாளைக்குப் பார்க்கலாம் என்று டேப்பைச் சுருட்டியிருக்கலாம். மனுஷன் என்ன செய்தார் தெரியுமா? இன்னொரு தடவை அளந்தார். அதே ஒரு சாண்தான் வந்தது. முதல் தடவையைவிடச் சத்தமாகச் சொன்னார்.

சுவரை இடித்தார்கள். அந்த வீட்டில் அதற்கப்புறம் மகள் என்னென்ன கேட்க நேர்ந்தது என்பதெல்லாம் அவருக்கு அரைகுறையாகத்தான் தெரியும். மகள் அம்மாவிடம் போனில் பேசுவாள். அம்மா சமையலறைக் கதவைச் சாத்திக்கொண்டு பேசுவார். இவர் கதவுக்கு வெளியே தினசரியைத் தலைகீழாகப் பிடித்துக்கொண்டு நிற்பார்.

மாடி ஜன்னலிலிருந்து பார்த்தால் பஸ் ஸ்டாப் நன்றாகத் தெரியும். மூன்று வருடமாக அதுதான் அவருடைய பிழைப்பு. சாயங்காலமானால் மாடிக்குப் போய்விடுவார். கேட்டால், காற்று வாங்கப் போகிறேன் என்பார். ஜன்னலை இரண்டு விரல் அளவுக்குத் திறந்து வைத்துக்கொண்டு என்ன காற்று வாங்க முடியுமோ தெரியாது. மகள் இறங்குவாள், ரோட்டைக் கடப்பாள், காம்பவுண்டை ஒட்டி நடப்பாள், மறைந்துவிடுவாள். அவ்வளவுதான். அந்த அவ்வளவுதான் அவருக்குச் சாப்பாடு இறங்கப் போதுமானதாக இருந்தது.

அதற்கும் வந்தது கேடு. எதிர் வரிசையில் புதிதாகத் திறந்த செருப்புக் கடைக்காரன், ஒரு லாரியின் அகலத்துக்கு, ரோட்டுப் பக்கம் நீட்டிக்கொண்டு போர்டு வைத்தான். மாடி ஜன்னலிலிருந்து பார்த்தால் இப்போது ஒரு ராட்சதச் செருப்புதான் தெரியும். வாசல் கேட்டில் போய் நிற்கலாம்தான். ஒரு நாள் நின்றும் பார்த்தார். மகள் அவரைத் தூரத்திலேயே பார்த்துவிட்டு எதிர்ப்பக்க நடைபாதையிலேயே நடந்து போனாள். அன்று ராத்திரி அவர் சாப்பிடவில்லை. மறுநாள்தான், இந்தக் காலத்தில் வீட்டுக்குக் கேமரா இல்லாமல் இருப்பது எவ்வளவு ஆபத்து என்று மனைவியிடம் ஆரம்பித்தார்.

கேமராவைக் கேமராக்காரர் கொண்டுவரலாம், ஒயரைத் தானே வாங்கித் தருவதாக சர்வேயர் சொல்லிவிட்டார். அதில் அவர் யாரையும் நம்புவதாக இல்லை. கடையில் போய் நின்றுகொண்டு, ஒயருக்கு வரன் பார்ப்பவர் மாதிரி கேள்விமேல் கேள்வியாகக் கேட்டுக் கடைக்காரரைப் படுத்தி எடுத்தார். படமும் கரண்டும் ஒரே ஒயரில்தான் போகும், அதனால் உள்ளே சுத்தச் செம்பாக இருக்க வேண்டும் என்று தெரிந்துகொண்டார். ஒரு ரகத்தின் நுனியைப் பேனாக்கத்தியால் சுரண்டினார். செம்பு நிறத்துக்குக் கீழே வெள்ளையாகத் தெரிந்தது.

"இது அலுமினியம். மேல பூச்சு பூசியிருக்கு," என்றார் குற்றவாளியைப் பிடித்தவர் மாதிரி.

"எல்லாரும் அதத்தான் சார் வாங்கறாங்க."

"எல்லாரும் வாங்கட்டும். எனக்குச் செம்பு காட்டுங்க."

வெயிலும் மழையும் தாங்குகிற தடித்த கறுப்பு உறை போட்ட செம்பு ஒயர் வந்தது. சுரண்டிப் பார்த்தார், உள்ளேயும் சிவப்பு. முகம் மலர்ந்தது. வீட்டிலிருந்து மூலை வரைக்கும் ஒயர் போகிற வழியை அவர் படமாகவே வரைந்து, ஒவ்வொரு திருப்பத்தையும் டேப் பிடித்து அளந்து வைத்திருந்தார். அந்த அளவைச் சொல்லி வெட்டச் சொன்னார்.

"கொஞ்சம் கூடப் போட்டு வாங்கிக்குங்க சார். வெட்டினா வெட்டினதுதான்."

"நான் அளந்தா அளந்ததுதான்," என்றார் சர்வேயர்.

மறுநாள் மத்தியானத்துக்கு மேல் வேலை ஆரம்பித்தது. ஹாலில் டிவிக்குக் கீழே பதிவுப் பெட்டி. அங்கிருந்து ஒயர் சுவரோடு மேலே ஏறி, ஜன்னலுக்கு மேல் போட்ட துளை வழியாக வெளியே வந்து, கீழே இறங்கி, காம்பவுண்டுச் சுவரை ஒட்டிக் குழாய்க்குள் ஓடியது. கேமராக்காரர் ஒரு முனையில் இழுக்க, சர்வேயர் மறு முனையில் சிக்கில்லாமல் விட்டுக்கொடுத்தார். இழுக்கும்போதும் கேமராக்காரர் வாய் ஓயவில்லை. எந்த வீட்டில் மாமியாருக்குத் தெரியாமல் கேமரா மாட்டினார், எந்த வீட்டில் மருமகளுக்குத் தெரியாமல் மாட்டினார், இரண்டும் ஒரே வீடாக இருந்தபோது என்ன நடந்தது என்று வரிசையாகச் சொல்லிக்கொண்டு வந்தார். சர்வேயரின் மனைவி வேலையை விட்டுவிட்டு வராந்தாவில் வந்து உட்கார்ந்து கேட்டார்.

மூலைக்குப் போவதற்கு முன்பே ஒயர் நின்றுவிட்டது.

கேமராக்காரர் இழுத்தார். வரவில்லை. "விடுங்க சார்!"

"விட்டாச்சு. இங்க ஒண்ணுமில்ல."

"இங்கேயும் ஒண்ணுமில்ல."

கேமராவுக்காக மூலையில் நட்டிருந்த கம்பத்துக்கும் ஒயரின் நுனிக்கும் நடுவே இரண்டு ஆள் கை விரித்தால் இருக்கிற தூரம் வெட்டவெளியாகக் கிடந்தது. சர்வேயர் முகத்தில் ஈயாடவில்லை. நாற்பது வருடத்தில் அவர் அளவு தப்பியதில்லை. டேப்பை எடுத்துக்கொண்டு ஓடினார். ஒவ்வொரு திருப்பத்தையும் மறுபடி அளந்தார். எல்லாம் சரியாக இருந்தது. எல்லாம் சரியாக இருக்கும்போது ஒயர் மட்டும் எப்படிப் பத்தாமல் போகும்?

கேமராக்காரர் அவர் வரைந்த படத்தை வாங்கிப் பார்த்தார். பார்த்துவிட்டு வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்.

"சார், இது காக்கா பாத்த படம். மேலேர்ந்து பாத்தா வீடே தட்டையாத்தான் இருக்கும். ஒயர் ஹால்ல சுவர் ஏறுது, வெளிய வந்து இறங்குது, கடைசியில கம்பத்துல ஏறணும். ஏறி இறங்கறத எங்க போட்டிருக்கீங்க?"

எங்கும் போடவில்லை. நிலத்தை அளக்கிறவர்கள் மேட்டையும் பள்ளத்தையும் சேர்ப்பதில்லை. மலைச்சரிவாக இருந்தாலும் அதைத் தட்டையாக்கித்தான் கணக்கில் கொண்டுவருவார்கள். வாழ்நாள் முழுக்க அப்படித்தான் அவர் அளந்தார், அதில் ஒரு தப்பும் இல்லை. ஒயருக்கு அது ஒத்துவரவில்லை, அவ்வளவுதான்.

"போகட்டும் சார், நாளைக்கு வேற ஒயர் வாங்கி முழுசா இழுத்துடலாம்."

"நாளைக்கா?" சர்வேயர் ரோட்டைப் பார்த்தார். வெயில் சாய ஆரம்பித்திருந்தது. இன்னும் கொஞ்ச நேரத்தில் பஸ் வந்துவிடும். செருப்புக் கடைப் போர்டு வந்ததிலிருந்து அவர் அவளைச் சரியாகப் பார்க்கவே இல்லை. "ஒட்டுப் போட்டா ஓடாதா?"

"ஓடும். ஓடாமலும் போகும்."

"ஒட்டுப் போடுங்க."

சுத்தச் செம்பு என்று கடையையே புரட்டிப்போட்ட மனுஷன், கேமராக்காரர் வண்டியில் கிடந்த ஏதோ ஒரு மிச்சத் துண்டை, சுரண்டிக்கூடப் பார்க்காமல், சேர்க்கச் சொன்னார். கேமராக்காரரும் அடுத்த வேலைக்குப் போகிற அவசரத்தில் முறுக்கி, டேப் சுற்றி, ஒரு பிளாஸ்டிக் டப்பாவுக்குள் திணித்து மூடினார். அவர் பேரிலும் பாதித் தப்பு உண்டு.

டிவியில் பஸ் ஸ்டாப் வந்தது. பெஞ்சு, குப்பைத்தொட்டி, கிழிந்த நோட்டீஸ், எல்லாம் கண்ணில் ஒற்றிக்கொள்ளலாம் போலத் தெளிவாக இருந்தன. கேமராக்காரர் கிளம்பிப் போனார். சர்வேயர் நாற்காலியை டிவிக்குப் பக்கத்தில் இழுத்துப் போட்டுக்கொண்டார். அவர் மனைவி சமையலறை வாசலில் கையைத் துடைத்தபடி வந்து நின்றார், தற்செயலாக வந்தவர் மாதிரி.

வெளிச்சம் மங்கியது. பஸ்ஸின் மூக்கு திரையின் ஓரத்தில் தெரிந்தது. அதே நொடியில் படம் கறுப்பு வெள்ளையாக மாறி, ஒரு முறை துடித்து, அணைந்துவிட்டது. கறுப்புத் திரையில் ஒரு சின்ன வட்டம் மட்டும் சுற்றிக்கொண்டிருந்தது.

அவர் எழுந்து டிவியைத் தட்டினார். பெட்டியைத் தட்டினார். வாசலுக்கு ஓடலாம் என்று இரண்டடி வைத்துவிட்டு நின்றார். பஸ் கிளம்புகிற சத்தம் கேட்டது. பிறகு காம்பவுண்டை ஒட்டி யாரோ நடந்துபோகிற செருப்புச் சத்தமும் கேட்ட மாதிரி இருந்தது.

விடிந்ததும் கேமரா ஒன்றுமே நடக்காத மாதிரி விழித்துக்கொண்டது. பகல் முழுக்கப் பளிச்சென்று காட்டியது. சாயங்காலம் பஸ் வருகிற நேரத்துக்கு மறுபடி செத்தது. போன் பண்ணியதும் கேமராக்காரர் சொன்னார்: "அது ஒண்ணுமில்ல சார். இருட்டினா கேமரா தன்னோட விளக்கைப் போட்டுக்கும். அப்போ கரண்ட் கூட இழுக்கும். அந்த ஒட்டு தாங்கல. வந்து முழு ஒயரா மாத்திடறேன். இப்போ ஒரு பெரிய பில்டிங்ல மாட்டிக்கிட்டிருக்கேன், அடுத்த வாரம் வந்துடறேன்."

அந்த வாரம் முழுக்க சர்வேயர் சூரியனோடு சண்டை போட்டார். இன்னும் கொஞ்சம் நேரம் இருந்துவிட்டுப் போனால்தான் என்ன? தினமும் பெஞ்சைப் பார்ப்பார், குப்பைத்தொட்டியைப் பார்ப்பார், பஸ் வரும்போது கறுப்பைப் பார்ப்பார்.

ஒரு நாள் அச்சகத்தில் சீக்கிரம் விட்டுவிட்டார்கள் போலிருக்கிறது. நல்ல வெளிச்சம் இருக்கும்போதே வந்து நின்ற பஸ்ஸிலிருந்து அவள் இறங்கினாள்.

சர்வேயர் நாற்காலியிலிருந்து எழுந்துவிட்டார். எழுந்தால் அவள் போய்விடுவாளோ என்று பயந்தவர் போல உடனே உட்கார்ந்தும் விட்டார். அவள் பையைத் தோளில் சரிசெய்தாள். இரண்டு பக்கமும் பார்த்தாள். மெலிந்திருந்தாள். கண்ணாடி போட்டிருந்தாள்.

"கண்ணாடி போட்டிருக்கா," என்றார் அவர். குரல் அவருக்கே அடையாளம் தெரியவில்லை. "எப்போ போட்டா?"

"அது ஆச்சு, ஒரு வருஷத்துக்கு மேல," என்றார் மனைவி. "நாள் பூரா பொடி எழுத்தையே பாத்துக்கிட்டிருந்தா என்ன ஆகும்?"

ஒரு வருடம். மாடி ஜன்னலிலிருந்து முகம் இவ்வளவு தெரியாது. மகளுக்குப் பார்வை மங்கி, டாக்டரிடம் போய், கண்ணாடி எடுத்து, அது மூக்கில் பழகியும் போயிருக்கிறது. பெற்ற அப்பனுக்குத் தெரியவில்லை. பார்த்தால் போதும் என்று சொன்னது எவ்வளவு பெரிய பொய் என்று அப்போதுதான் அவருக்கு உறைத்தது. அவள் கண்ணாடியைக் கழற்றச் சொல்லி, துடைத்து, திருப்பிக் கொடுக்க வேண்டும் போல இருந்தது.

ரோட்டைக் கடக்கக் கால் வைத்த மகள் நின்றாள். நிமிர்ந்து நேராகக் கேமராவைப் பார்த்தாள். திரையில் அவள் அவரையே பார்த்த மாதிரி இருந்தது. அவர் தன்னை அறியாமல் சட்டைக் காலரைச் சரிசெய்துகொண்டார். அவள் முகம் இறுகியது. திரும்பி எதிர்ப்பக்க நடைபாதையில் விடுவிடுவென்று நடந்துவிட்டாள்.

மறுநாள் மனைவி போன் பேசிவிட்டு, சமையலறைக் கதவைத் திறந்துகொண்டு நேராக அவரிடம் வந்தார். எப்போதும் இருக்கிற கேலி முகத்தில் இல்லை.

"உங்க மக இனிமே இந்த ஸ்டாப்ல இறங்க மாட்டாளாம். அடுத்த ஸ்டாப்ல இறங்கி, அங்கேர்ந்து திரும்பி நடந்து வீட்டுக்குப் போறாளாம்."

"ஏன்?"

"ஏனா? 'அப்பா இப்போ என்னையும் அளக்க ஆரம்பிச்சிட்டாரா, எத்தனை மணிக்கு வர்றேன், எத்தனை மணிக்குப் போறேன்னு கணக்கு எடுக்கறாரா'ன்னு கேக்கறா. நான் என்ன சொல்ல?"

"பாக்கணும்னுதான் வெச்சேன்னு சொல்றதுதானே," என்றார் அவர்.

"அத நீங்க சொல்லணும். நான் எத்தனை நாளைக்கு உங்களுக்கும் சேர்த்துப் பேசுறது?" அந்த அம்மாள் முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டார். "சுவத்த அளந்தீங்க, சரி. உள்ளத உள்ளபடி சொன்னீங்க, அதுவும் சரி. அவளே அத ஒத்துக்கறா. ஆனா அதுக்கப்புறம் ஒரு நாள், ஒரே ஒரு நாள், அவ வீட்டு வாசல்ல போய் நின்னு, 'என்னால உனக்குக் கஷ்டமாயிடுச்சா கண்ணு'ன்னு கேட்டீங்களா?"

கேட்கவில்லை. அளந்தது சரியாக இருக்கும்போது எதற்குப் போய்க் கேட்க வேண்டும் என்று இருந்துவிட்டார். அந்தச் சாயங்காலம் அவர் டிவியைப் போடவில்லை. ஜன்னலுக்கும் போகவில்லை. பஸ் வந்து நிற்கிற சத்தமும், யாரும் இறங்காமல் கிளம்புகிற சத்தமும் மட்டும் கேட்டது.

சொன்னபடி கேமராக்காரர் அடுத்த வாரம் வந்தார். தோளில் புதுக் கறுப்பு ஒயர் ஒரு பெரிய சுருளாகத் தொங்கியது. "இந்தத் தடவை தாராளமா கொண்டாந்திருக்கேன் சார். ஏறட்டும், இறங்கட்டும், ஊரைச் சுத்தி வரட்டும், பத்தாம போகாது."

"அத வண்டியிலேயே வைங்க," என்றார் சர்வேயர். "கேமராவக் கழட்டணும்."

"கழட்டணுமா? எவனாவது கல்ல விட்டு எறிஞ்சானா?"

"கழட்டி இங்க மாட்டுங்க." அவர் வராந்தாவின் உள்சுவரைக் காட்டினார். பிறகு எதிரே கிடந்த தன் பிரம்பு நாற்காலியைக் காட்டினார். "இந்த நாற்காலி தெரியணும். இதுல உக்காந்தா முகம் தெரியணும்."

கேமராக்காரர் நாற்காலியைப் பார்த்தார், அவரைப் பார்த்தார், வராந்தாவில் நின்ற அந்த அம்மாளைப் பார்த்தார். மூன்று விதமாகச் சொல்ல வேண்டியதை ஒரு விதமாகக்கூடச் சொல்லாமல் ஏணியைத் தூக்கிக்கொண்டு மூலைக்குப் போனார். ஒட்டை வெட்டி எறிந்தார். நல்ல செம்பு ஒயரைக் குழாயிலிருந்து பின்னால் இழுத்துக்கொண்டு வந்தார். வராந்தாவுக்கு அது தேவைக்கு மேல் ஏராளமாக இருந்தது. மிச்சத்தை வெட்ட அவர் கட்டிங் பிளேயரை எடுத்தபோது சர்வேயர் கையைப் பிடித்தார்.

"வெட்டாதீங்க. சுருட்டி வைங்க, இருக்கட்டும்."

"இவ்வளவு மிச்சமா? பாக்க நல்லா இருக்காதே சார்."

"பரவாயில்ல."

ஒயர்ச் சுருள் கேமராவுக்குப் பக்கத்தில் ஆணியில் தொங்கியது. கேமராக்காரர் கிளம்பும்போது சர்வேயர் தயங்கித் தயங்கிக் கேட்டார். "இத வெளியில இருக்கறவங்க அவங்க போன்ல பாக்கலாம்ல?"

"தாராளமா. அம்மா போன்லேர்ந்து லிங்க் அனுப்பினா போதும், அவங்க பாத்துக்கலாம்."

"யாராவது பாக்கறாங்கன்னா, இங்க நமக்குத் தெரியுமா? விளக்கு கிளக்கு ஏதாவது எரியுமா?"

"ஒண்ணும் தெரியாது சார். பாத்தாலும் இப்படியேதான் இருக்கும், பாக்கலன்னாலும் இப்படியேதான் இருக்கும்."

மனைவி அன்றே அனுப்பிவிட்டார். என்ன எழுதி அனுப்புவது என்று கேட்டதற்கு சர்வேயர் வெகுநேரம் யோசித்தார். பிறகு, "'அப்பாவை நீ பார்க்கலாம். அப்பா பார்க்கமாட்டேன்'னு அனுப்பு," என்றார். பதில் வரவில்லை. அதற்கப்புறம் வந்த போன்களிலும் மகள் அந்தப் பேச்சை எடுக்கவில்லை. அம்மாவும் கேட்கவில்லை.

சர்வேயர் தினமும் சாயங்காலம் குளித்து, இஸ்திரி போட்ட சட்டை போட்டுக்கொண்டு, பஸ் வருகிற நேரத்துக்கு நாற்காலியில் வந்து உட்கார்ந்தார். முதலில் கல்யாண வீட்டில் போட்டோ எடுக்க உட்கார்ந்தவர் மாதிரி விறைத்துக்கொண்டு இருந்தார். அப்புறம் கொஞ்சம் கொஞ்சமாக விறைப்பு போனது. தினசரி படித்தார், நேராகப் பிடித்தே. சில சமயம் கேமராவைப் பார்த்து ஏதோ சொல்ல வாயெடுப்பார், அடக்கிக்கொள்வார். இருட்டியதும் கேமராவின் வளையத்தில் சின்னச் சின்னச் சிவப்புப் புள்ளிகள் எரியும். இப்போது கேமரா அணைவதில்லை. அவை எரிய ஆரம்பித்து வெகுநேரமாகியும் அவர் எழுந்திருக்க மாட்டார்.

"உள்ள வாங்க, கொசு பிடுங்குது," என்பார் மனைவி.

"இன்னும் கொஞ்ச நேரம்."

அவளுக்கு நேரமில்லாமல் இருக்கும். பார்க்கப் பிடிக்காமல் இருக்கும். போனில் அதை அழித்தேகூட இருப்பாள். எல்லாவற்றையும் அவர் யோசித்துப் பார்த்துவிட்டார். ஆனால் அவள் என்றைக்கு எடுத்துப் பார்ப்பாளோ, அன்றைக்கு நாற்காலி காலியாக இருந்துவிடக் கூடாதே! அதை மட்டும் அவரால் தாங்க முடியாது.

ஒரு சாயங்காலம் தண்ணீர்க் குழாய் ரிப்பேராகி, குளிக்க நேரமாகிவிட்டது. பஸ் சத்தம் கேட்டதும் ஈரத் தலையோடு சட்டையை மாட்டிக்கொண்டு அரக்கப்பரக்க ஓடிவந்து உட்கார்ந்தார். மூச்சு வாங்கியது. பஸ் போனது. தெரு அமைதியானது. சிவப்புப் புள்ளிகள் எரிய ஆரம்பித்தன.

தலைக்கு மேலே ஏதோ கரகரத்தது. கேமரா கெட்டுவிட்டதோ என்று நிமிர்ந்தார்.

"அப்பா."

அவர் அசையவில்லை.

"சட்டை பட்டனை மாத்திப் போட்டிருக்கீங்க."

சமையலறையில் தண்ணீர் ஓடுகிற சத்தம் சட்டென்று நின்றது. சர்வேயர் குனிந்து பார்க்கவில்லை. கண்ணை எடுத்தால் குரல் போய்விடும் போல இருந்தது.

"ஒரு பட்டன்தான்," என்றாள் மகள். அந்தச் சின்னக் கேமராவுக்குள் அவள் குரல் தகரம் மாதிரி கேட்டது, ஆனாலும் அவள் குரல்தான். "கொஞ்சந்தான் தள்ளியிருக்கு. இருக்கட்டும்ப்பா, யாரு அளக்கப் போறாங்க."

அவருக்கு ஒரு எழுத்து விடாமல் கேட்டிருந்தது. இருந்தும் காதில் கையைக் குவித்துக்கொண்டு, "சரியா கேக்கலம்மா," என்றார். "இன்னொரு தடவை சொல்லு."

அவர் என்ன கேட்கிறார் என்று அவளுக்குப் புரியாமல் இல்லை. கேமரா மறுபடி கரகரத்தது. பிறகு மகள் இன்னொரு தடவை சொன்னாள், முதல் தடவையைவிடச் சத்தமாக.